துணைவேந்தரால் தரக்கூடியதைத் துணைவேந்தரிடம் கேளுங்கள்

கேள்வி: வணக்கம் ஐயா. வடக்கில் உள்ள ஓர் அரச பல்கலைக்கழகத்தில் சிரேஷ்ட விரிவுரையாளராக இருக்கிறேன். வீடு கோண்டாவில். கடைசிப் பொதுக்கூட்டத்தில் வேறு ஒருவரும் முன்வராததால் ஆசிரியர் சங்கச் செயலாளர் பொறுப்பு எனக்கு வந்தது. நிர்வாகத்தோடு இரண்டு தடவை பேசிவிட்டோம். தற்காலிக விரிவுரையாளர்களுக்கு மூன்று மூன்று மாதமாகத்தான் நியமனக் கடிதம் கொடுக்கிறார்கள். அதுவும் பிந்தி வருவதால் சம்பளமும் பிந்துகிறது. இதைப் பற்றி எழுத்தில் முறையிட்ட ஒருவருக்கு இரண்டு கிழமைக்கு முன் நியமனம் நீடிக்கப்படவில்லை. வெளிநாடு போனவர்களின் இடங்கள் வெறுமையாகக் கிடக்கின்றன. அவர்களுடைய பாடங்களையும் நாங்களே எடுக்கிறோம். கொடுப்பனவு உயர்வும் கேட்கிறோம். இரண்டு சந்திப்பிலும் தேநீர் தந்து, 'ஆவன செய்வோம்' என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். வரப்போகும் பரீட்சையின் விடைத்தாள்களைத் திருத்தாமல் விடுவோம் என்று இளையவர்கள் நிற்கிறார்கள். மூத்தவர்கள் பிரச்சினை வேண்டாம் என்கிறார்கள். இதற்குள் எனக்கு இன்னொரு சங்கடம். துணைவேந்தர் எனக்குப் படிப்பித்த சேர். அவருக்கு முன்னால் இருந்து கடுமையாகப் பேச வாய் வருகுதில்லை. அடுத்த சந்திப்புக்கு எப்படி ஆயத்தமாவது?

பதில்: அன்பின் செயலாளருக்கு,

நியமனம் நீடிக்கப்படாத அந்த ஒருவரின் விடயத்தை முதலில் எடுக்கிறேன். அவருக்குக் காலம் ஓடிக்கொண்டிருக்கிறது. அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரையின் கீழ் அடிப்படை உரிமை மீறல் மனுவை ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தில் தாக்கல் செய்ய வேண்டும். அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு செய்தால், 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின்படி அங்கே விசாரணை நிலுவையில் உள்ள காலம் அந்தக் கணக்கில் சேராது. ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகம் யாழ்ப்பாணத்திலேயே இருக்கிறது. ஆகவே 'சங்கம் பேசிக்கொண்டிருக்கிறது, பொறுங்கோ' என்று அவருக்குத் தயவுசெய்து சொல்லாதீர்கள். பேச்சு ஆறு மாதம் போகலாம், அவருடைய உரிமை முப்பது நாளில் போய்விடும். நியமனக் கடிதங்கள் அனைத்தும், முறையிட்ட கடிதத்தின் பிரதி, அதற்கு வந்த பதில் ஆகியவற்றோடு இந்தக் கிழமையே அவரை ஒரு சட்டத்தரணியிடம் கூட்டிப் போங்கள். அவர் தனியாகப் போகக்கூடாது, சங்கத்திலிருந்து ஒருவர் கூடப் போக வேண்டும். முறையிட்டதால் வேலை போனது என்பதை நிரூபிப்பது இலகுவல்ல. ஆனாலும் திகதிகள் பேசும்.

இனி உங்கள் பேச்சுவார்த்தை.

நீங்கள் இணைத்து அனுப்பிய மகஜரைப் படித்தேன். தற்காலிகர்களின் நியமனம், வெற்றிடங்கள், கொடுப்பனவு ஆகிய மூன்றையும் ஒரே தாளில் எழுதி ஒரே மனிதரிடம் கொடுத்திருக்கிறீர்கள். 'ஆவன செய்வோம்' என்ற பதில் வந்ததற்கு அதுவே காரணம் என்று நான் நினைக்கிறேன். அந்தத் தாளில் துணைவேந்தரால் செய்யக்கூடியதும் இருக்கிறது, செய்யவே முடியாததும் இருக்கிறது. முடியாததைக் காட்டி முடிந்ததையும் தள்ளிப்போட நீங்களே அவருக்கு இடம் கொடுத்துவிட்டீர்கள்.

கனடாவில் படிப்பிக்கும் எங்கள் உறவினர்கள், 'உங்களுடைய ஒப்பந்தம் எப்ப முடியுது?' என்று கேட்பார்கள். அங்கே ஆசிரியர் சங்கமும் பல்கலைக்கழக நிர்வாகமும் நேரடியாக இருந்து பேசி, சம்பளம் முதல் கற்பித்தல் சுமை வரை சில ஆண்டுகளுக்கு ஓர் உடன்படிக்கை எழுதிக் கையெழுத்திடுகின்றன. எங்கள் நாட்டிலும் கூட்டு ஒப்பந்தம் உண்டு. மலையகத்தில் தொழிற்சங்கங்களும் தோட்டக் கம்பனிகளும் 2021 வரை அதன் மூலம்தான் நாட்சம்பளத்தைத் தீர்மானித்தன. 1950ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கக் கைத்தொழிற் பிணக்குகள் சட்டத்தின் கீழ் அப்படியான ஒப்பந்தம் வர்த்தமானியில் வெளியானால், அது ஒவ்வொரு தொழிலாளியின் வேலை ஒப்பந்தத்துக்குள்ளும் புகுந்துவிடும். அரச பல்கலைக்கழக ஆசிரியருக்கு அப்படி ஓர் ஒற்றை ஆவணம் கிடையாது. உங்கள் வேலை நிபந்தனைகள் 1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பல்கலைக்கழகங்கள் சட்டத்திலும், பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் சுற்றறிக்கைகளிலும், ஊழியர் விதிகளின் தொகுப்பான தாபனக் கோவையிலும், உங்கள் பல்கலைக்கழகத்தை ஆளும் பேரவையின் தீர்மானங்களிலும் சிதறிக் கிடக்கின்றன. எந்த நிபந்தனை எங்கே எழுதப்பட்டிருக்கிறதோ, அதை மாற்றும் அதிகாரம் அங்கேதான் இருக்கும்.

கொடுப்பனவு உயர்வை உள்ளூர் மேசையில் கேட்டுப் பயனில்லை. அது மானியங்கள் ஆணைக்குழு, உயர்கல்விக்குப் பொறுப்பான அமைச்சு, திறைசேரி என்று கொழும்பில் தீர்மானிக்கப்படுவது. அதற்காகத்தான் பல்கலைக்கழக ஆசிரியர் சங்கங்களின் சம்மேளனம் இருக்கிறது. 2012 ஜூலையில் சம்மேளனம் தொடங்கி ஏறத்தாழ மூன்று மாதம் நீடித்த வேலைநிறுத்தம் உங்களுக்கு நினைவிருக்கும். மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 6 சதவீதத்தைக் கல்விக்கு ஒதுக்கு என்ற கோரிக்கை எந்தத் துணைவேந்தரின் மேசையிலும் பேசப்படவில்லை, பேசவும் முடியாது. கொடுப்பனவைச் சம்மேளனத்தின் ஊடாகக் கொண்டுபோங்கள். உங்கள் உள்ளூர் மகஜரிலிருந்து அதை எடுத்துவிடுங்கள். மூத்த உறுப்பினர்களுக்கு இது கசக்கும். இருந்தாலும் எடுத்துவிடுங்கள்.

வெற்றிடங்கள் பாதிக்குப் பாதி. ஒரு பதவியை நிரப்புவதற்கான ஆளணி அனுமதி முகாமைத்துவ சேவைகள் திணைக்களமும் திறைசேரியும் சம்பந்தப்பட்டது. அனுமதி கிடைத்த பதவிக்கு விளம்பரம் போடுவதும், தெரிவுக் குழுவைக் கூட்டுவதும், பேரவைக்குப் பத்திரம் சமர்ப்பிப்பதும் உள்ளூர் வேலை. 2022இன் நெருக்கடிக்குப் பிறகு நாடு முழுவதும் பல்கலைக்கழகங்கள் ஆட்களை இழந்தன. அதற்கு உங்கள் பதிவாளர் பொறுப்பில்லை. ஆனால் அனுமதி வந்த பின்னும் விளம்பரம் போகாமல் ஒரு கோப்பு நியமனங்களைக் கையாளும் தாபனக் கிளையில் கிடந்தால் அதற்கு அவர் பொறுப்பு. இரண்டையும் பிரித்துக் கேட்க வேண்டுமானால் முதலில் உங்கள் கையில் விபரம் இருக்க வேண்டும்: பாடத்துறை வாரியாக அங்கீகரிக்கப்பட்ட ஆளணி எவ்வளவு, வெற்றிடம் எவ்வளவு, அதில் நிரப்ப அனுமதி கிடைத்தவை எத்தனை, எந்தத் திகதியில் கிடைத்தது, விளம்பரம் எப்போது போனது.

இந்த விபரத்தை வாய்ப்பேச்சில் கேட்டால் தரமாட்டார்கள். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ்க் கேளுங்கள். உயர்கல்வி நிறுவனங்கள் அந்தச் சட்டத்துக்கு உட்பட்டவை. தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் தன் முடிவைச் சொல்ல வேண்டும். மறுத்தாலோ பேசாமல் இருந்தாலோ குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடம் மேன்முறையீடு, அதற்கு மேல் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு. விண்ணப்பத்தில் ஏன் தகவல் வேண்டும் என்று காரணம் எழுதத் தேவையில்லை. நான் பார்த்தவரையில் எங்கள் பக்கத்தில் ஊடகவியலாளர்களும் காணிப் பிரச்சினை உள்ள மக்களும் இந்தச் சட்டத்தை நன்றாகப் பயன்படுத்துகிறார்கள். தொழிற்சங்கங்கள் ஏனோ இன்னும் மகஜரோடுதான் நிற்கின்றன. அடுத்த சந்திப்புக்கு முன்னரே விண்ணப்பம் போகட்டும். பதில் வர முன்னர் கூட்டம் வந்தாலும் பாதகமில்லை. விண்ணப்பம் போய்ச் சேர்ந்ததுமே பல கோப்புகள் அசையத் தொடங்கும்.

தற்காலிக விரிவுரையாளர்களின் பிரச்சினைதான் மூன்றிலும் பெரியது. அதைத்தான் நீங்கள் மகஜரின் கடைசியில் எழுதியிருக்கிறீர்கள். அதை முதலாவதாக எடுங்கள். எவ்வளவு காலத்துக்குத் தற்காலிக நியமனம் கொடுக்கலாம் என்பதற்கு மானியங்கள் ஆணைக்குழுவின் சுற்றறிக்கைகளில் எல்லை உண்டு. அந்த எல்லைக்குள் மூன்று மாதமா ஒரு வருடமா என்பதும், கடிதம் எப்போது கையில் கிடைக்கிறது என்பதும் உள்ளூரில் தீரக்கூடியவை. கடிதம் ஏன் பிந்துகிறது என்று நீங்களே ஒரு தடவை தடம்பிடித்துப் பாருங்கள். துறைத்தலைவர் நீடிப்புக் கேட்டு எழுத வேண்டும். அது பீடாதிபதிக்குப் போக வேண்டும். அங்கிருந்து தாபனக் கிளை, பிறகு துணைவேந்தரின் அனுமதி அல்லது பேரவை. பேரவை பொதுவாக மாதத்துக்கு ஒருமுறைதான் கூடும். துறைத்தலைவர் ஒரு கிழமை பிந்தினால் பத்திரம் அந்த மாதப் பேரவையைத் தவறவிட்டு அடுத்த மாதத்துக்குப் போய்விடும். நியமனக் கடிதம் இல்லாமல் நிதியாளர் கொடுப்பனவுக்கு ஒப்பமிடமாட்டார், ஒப்பமிடவும் கூடாது. முதலில் பிந்துகிற அந்தத் துறைத்தலைவர் பெரும்பாலும் உங்கள் சங்கத்தின் உறுப்பினர். இது உங்கள் பொதுக்கூட்டத்தில் வெளிப்படையாகப் பேசப்பட வேண்டும். நிர்வாகத்திடம் காலக்கெடு கேட்கும் சங்கம் தன் உறுப்பினரிடமும் அதையே கேட்க வேண்டும்.

ஆகவே இந்தக் கோரிக்கையை இப்படி எழுதலாம்: நியமனம் முடிவதற்கு எட்டுக் கிழமைக்கு முன் துறைத்தலைவர் நீடிப்புக் கோரிக்கையை அனுப்புவது, ஆறு கிழமைக்கு முன் அது தாபனக் கிளையில் இருப்பது, நீடிப்பதில்லை என்று முடிவானால் குறைந்தது ஒரு மாதத்துக்கு முன் காரணத்தோடு எழுத்தில் அறிவிப்பது, கற்பித்தல் தேவை முழு ஆண்டுக்கும் இருக்கிற இடத்தில் சுற்றறிக்கை விடுகிற அளவுக்கு முழு ஆண்டு நியமனம் கொடுப்பது. இதில் ஒன்றுக்கும் திறைசேரியின் புதுப் பணம் தேவையில்லை. 'எங்கள் கையில் இல்லை' என்ற பதில் இதற்குப் பொருந்தாது.

ஒன்றை மனம் திறந்து சொல்ல வேண்டும். இந்த இளையவர்கள் முதல் வகுப்பில் சித்தியடைந்தவர்கள். உங்கள் துறையின் செய்முறை வகுப்புகளும் பயிற்சி வகுப்புகளும் அவர்களுடைய தோளில் ஓடுகின்றன. மூன்று மாதக் கடிதத்தை நம்பி ஒருவர் வங்கியில் கடன் எடுக்க முடியாது, பட்டமேற்படிப்புக்குத் திட்டமிட முடியாது, வீட்டில் கலியாணப் பேச்சு வந்தாலும் 'வேலை நிரந்தரமோ?' என்ற கேள்விக்குப் பதில் இல்லை. இரண்டு வருடத்தில் அவர்களும் விமானம் ஏறிவிடுவார்கள். பிறகு வெற்றிடங்களுக்கு விண்ணப்பிக்க ஆள் இல்லை என்று எல்லோரும் கவலைப்படுவோம். உங்கள் சங்க யாப்பு தற்காலிகர்களை உறுப்பினராகச் சேர்க்கிறதா என்று பாருங்கள். சேர்க்காவிட்டால் யாப்பைத் திருத்துங்கள். பேச்சுவார்த்தைக் குழுவில் அவர்களில் ஒருவர் இருக்க விரும்பினால் இருக்கட்டும், ஆனால் வற்புறுத்தாதீர்கள். முறையிட்டவருக்கு என்ன நடந்தது என்று அவர்கள் பார்த்துவிட்டார்கள். பெயர் இல்லாமல் விபரங்களைத் திரட்டி நீங்களே பேசுங்கள். நடுவில் நிர்வாகம் உங்களுக்கு வேறொரு சலுகையைக் காட்டி இதைப் பின்போடச் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். நிரந்தரமானவர்கள் பொறுக்கலாம்.

அடுத்தது உங்கள் சேர்.

உங்களுடைய சங்கடம் எனக்கு நன்றாக விளங்குகிறது. யாழ்ப்பாணத்தில் படிப்பித்தவருக்கு முன்னால் கதிரையில் இருப்பதற்கே நாங்கள் யோசிக்கிறவர்கள். அந்த மரியாதையை விட வேண்டியதில்லை, குரலையும் உயர்த்த வேண்டியதில்லை. கடுமையான வசனத்தைக் கடிதம் சொல்லட்டும், உங்கள் வாய் மரியாதையாகவே பேசட்டும். கூட்டத்தில் கோரிக்கையை வாசிப்பதற்கு அவரிடம் படிக்காத ஒருவரை, வேறு பீடத்திலிருந்து, நியமியுங்கள். நீங்கள் குறிப்பெடுங்கள். செயலாளரின் பலம் பேனாவில்தான்.

அவருடைய நிலையையும் பாருங்கள். சட்டப்படி பேரவை மூன்று பெயர்களைச் சிபாரிசு செய்ய, மானியங்கள் ஆணைக்குழுவின் பரிந்துரையில் சனாதிபதி ஒருவரைத் துணைவேந்தராக மூன்று வருடத்துக்கு நியமிக்கிறார். அவருக்கு மேலேயும் ஆட்கள் இருக்கிறார்கள், பேரவையில் வெளியிலிருந்து நியமிக்கப்பட்ட உறுப்பினர்களுக்கும் அவர் விளக்கம் சொல்ல வேண்டும். நீங்கள் வெறும் மனக்குறையைக் கொண்டுபோனால் அவர் ஆறுதல்தான் சொல்லலாம். பேரவைக்கு அப்படியே சமர்ப்பிக்கக்கூடிய ஒன்றரைப் பக்கப் பத்திரத்தைக் கொண்டுபோனால், நல்ல மனம் இருந்தால் அவருக்கும் அது உதவி. மனம் இல்லாவிட்டால் அவர் அதை மறுத்தது பதிவாகும். இரண்டும் உங்களுக்கு நல்லது.

எங்கள் ஊர் சிறியது. நல்லூர்த் திருவிழாவில் கண்டு கதைப்பீர்கள், கலியாண வீட்டில் பக்கத்துக் கதிரையில் இருப்பீர்கள், இரவில் தொலைபேசி வரும். 'பிள்ளை, நான் பாத்துச் செய்யிறன், இதைப் பெரிசாக்காதை' என்று அன்பாகச் சொல்லலாம். அதை உங்கள் குழுவுக்கு நீங்கள் வந்து சொன்ன அன்றே, செயலாளர் தனியாகப் பேசி முடித்துவிட்டார் என்ற கதை பொது அறையில் பரவிவிடும். 'சேர், அதைக் கூட்டத்திலேயே கதைப்பம்' என்று சொல்லி வேறு கதைக்கு மாறுங்கள். கூட்டத்துக்கு ஒருபோதும் தனியாகப் போகாதீர்கள்.

கூட்டம் எப்படி நடக்க வேண்டும் என்பதற்கு அதிகம் சொல்லத் தேவையில்லை. பத்து நாளுக்கு முன் கடிதம், நிகழ்ச்சி நிரலில் இரண்டே இரண்டு விடயம், பதிவாளரும் நிதியாளரும் வரவேண்டும் என்ற எழுத்துக் கோரிக்கை. நிதியாளர் இல்லாத கூட்டத்தில் பணத்தைப் பற்றிய எந்த வாக்குறுதியும் 'நிதியாளரிடம் கேட்டுச் சொல்கிறேன்' என்றுதான் முடியும். நிர்வாகம் கூட்டக் குறிப்பு எழுதுமா என்று காத்திருக்காமல் அன்று பின்னேரமே நீங்கள் ஒரு கடிதம் அனுப்புங்கள்: 'இன்றைய சந்திப்பில் பின்வருவன உடன்படப்பட்டதாக விளங்கிக்கொண்டோம். பொறுப்பாளரும் முடிக்கும் திகதியும் எதிரே தரப்பட்டுள்ளன. இதில் மாற்றம் இருப்பின் ஏழு நாட்களுக்குள் எழுத்தில் அறியத் தரவும்.' பதில் வராவிட்டாலும் அந்தக் கடிதம் பின்னர் பயன்படும். பேரவைத் தீர்மானமாகும்வரை எதையும் வெற்றி என்று உறுப்பினர்களுக்கு அறிவிக்காதீர்கள். கொழும்புக்கும் பிரதி போகவேண்டிய கடிதங்களைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் சேர்த்தே அனுப்புங்கள். தமிழில் எழுதுவது உங்கள் உரிமை. ஆனாலும் மொழிபெயர்ப்புக்கு என்று கோப்பு ஒரு மாதம் படுப்பதற்கு நீங்கள் இடம் வைக்கத் தேவையில்லை.

விடைத்தாள் விடயத்தில் நான் மூத்தவர்களின் பக்கமும் இல்லை, இளையவர்களின் பக்கமும் இல்லை. வேலைநிறுத்தம் உங்களுடைய உரிமை, தேவைப்பட்டால் செய்யத்தான் வேண்டும். ஆனால் இந்தத் தருணத்தில் திருத்தலைப் பகிஷ்கரிப்பது தவறு. உங்கள் முதற் கோரிக்கைக்கு இன்னும் நிர்வாகம் எழுத்தில் 'இல்லை' என்று சொல்லவில்லை. அது சரியான வடிவில் கேட்கப்படவே இல்லை. பெறுபேறு பிந்தினால் முதலில் அடிபடுவது மாணவர்கள். உயர்தரம் எழுதிவிட்டுப் பல்கலைக்கழகம் வருவதற்கே ஒரு வருடத்துக்கு மேல் காத்திருந்த பிள்ளைகள். முல்லைத்தீவிலிருந்தும் மன்னாரிலிருந்தும் தெற்கிலிருந்தும் வந்து வாடகை அறையில் இருக்கிற பிள்ளைக்கு ஒரு தவணை நீண்டால் அத்தனை மாத வாடகையும் சாப்பாட்டுச் செலவும் பெற்றோரின் தலையில். 2024 மேயில் தொடங்கி இரண்டு மாதத்துக்கு மேல் நடந்த கல்விசாரா ஊழியர்களின் வேலைநிறுத்தத்தில் அவர்கள் பட்டதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அந்தப் பெற்றோர் உங்கள் பக்கம் நிற்க வேண்டியவர்கள். இன்னொரு விடயம், வேலை செய்யாத நாளுக்குச் சம்பளம் இல்லை என்று நிர்வாகம் நின்றால் நிரந்தரமானவர் தாங்குவார். பகிஷ்கரிப்பில் சேர்ந்த தற்காலிகரின் அடுத்த மூன்று மாதக் கடிதம் வராது.

எந்த நடவடிக்கைக்கும் முன் சங்கத்தின் பதிவைச் சரிபாருங்கள். 1935ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கத் தொழிற்சங்கங்கள் கட்டளைச்சட்டத்தின் கீழ்ப் பதிவு உயிரோடு இருக்கிறதா, வருடாந்த விபரத்திரட்டு ஒழுங்காக அனுப்பப்பட்டிருக்கிறதா? தொழிற்பிணக்கு ஒன்றில் எடுக்கும் நடவடிக்கைகளுக்குச் சிவில் வழக்கிலிருந்து கிடைக்கும் பாதுகாப்பு பதிவுள்ள சங்கத்துக்கே உரியது. கணக்கறிக்கை அனுப்ப மறந்து பதிவு இரத்தாகும் நிலைக்குப் போன சங்கங்கள் உண்டு. பழைய செயலாளரிடமிருந்து கோப்புகளை இன்றே வாங்குங்கள்.

பேரவைக்குப் பத்திரம் போய், இரண்டு பேரவைக் கூட்டங்கள் கடந்தும் முடிவு இல்லை என்றால் அப்போது படிப்படியாகப் போங்கள். பேரவை உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் தனித்தனியே கடிதம், மானியங்கள் ஆணைக்குழுவுக்குப் பிரதி, மதிய இடைவேளையில் வாயிலில் கவனயீர்ப்பு, அதன் பிறகு பரீட்சை இல்லாத ஒரு நாளில் அடையாள வேலைநிறுத்தம். மேலதிகமாக, சம்பளம் இல்லாமல் ஏற்ற இணைப்பாளர் பொறுப்புகளிலிருந்து விலகுவதும் ஒரு வழி. மாணவ ஆலோசகர் பொறுப்பிலிருந்து மட்டும் விலகாதீர்கள். பகிடிவதைக்குப் பயந்து இரவு பத்து மணிக்கு அழைக்கிற முதல் வருடப் பிள்ளைக்கு வேறு ஆள் இல்லை. ஒவ்வொரு படிக்கும் பொதுக்கூட்டத்தில் இரகசிய வாக்கெடுப்பு நடத்துங்கள். கையை உயர்த்தச் சொன்னால் தற்காலிகர்களும் தகுதிகாண் காலத்தில் உள்ளவர்களும் பக்கத்தில் இருப்பவரின் முகத்தைப் பார்த்துத்தான் கையைத் தூக்குவார்கள்.

உங்கள் இளையவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இது: தாபனக் கிளையில் கோப்பு எங்கே நிற்கிறது என்று தடம்பிடிக்கும் வேலையையும் தகவல் உரிமை விண்ணப்பத்தையும் அவர்களிடம் கொடுங்கள். கோபம் உள்ளவர்கள்தான் அந்த வேலையை விடாமல் செய்வார்கள். பேரவைக்கான பத்திரத்தின் வரைவை எனக்கு அனுப்பினால் கூட்டத்துக்கு முன் திருத்தித் தருகிறேன்.